பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது?

மாட்டுச் சந்தைக்குப் போகிற குடியானவன் மாட்டின் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். சுழி பார்க்கிறான். நாலடி நடக்க விட்டுப் பார்க்கிறான். துண்டை மூடி விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் குடியானவனுடைய பிள்ளை பட்டணத்துக்கு வந்து, இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்து ஒரு லாப்டாப் வாங்கும்போது என்ன செய்கிறான்? மூடியின் பளபளப்பைப் பார்க்கிறான். கனம் இல்லாமல் இருக்கிறதே என்று மகிழ்கிறான். பணத்தைக் கட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். பல்லையும் காணோம், சுழியையும் காணோம்!

அவனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. கடைகளில் விற்கும் யந்திரங்களில் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் என்னும் இயங்குதளம் ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. பெட்டியைச் செய்தவர்களே பொருத்தம் பார்த்து, முகூர்த்தம் வைத்து, கல்யாணத்தையும் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். வாங்குகிறவருக்குக் கவலை இல்லை. சங்கடமெல்லாம், அதே பெட்டியில் வேறொரு இயங்குதளத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத்தான். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக்கொண்டார்கள். சில நிபந்தனைகளோடு சிறிது கால நீட்டிப்பு உண்டென்றாலும், அதற்கடுத்த 11-ஆம் பதிப்பு, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் தான் குறித்துக் கொடுத்த பிராஸஸர்களில் ஒன்றும் இருந்தாலொழிய உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன் என்கிறது. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த எத்தனையோ யந்திரங்கள் இதனால் வேறு புகலிடம் தேட வேண்டியதாயிற்று.

புகலிடம் என்றவுடன் எல்லோரும் சொல்வது லினக்ஸ். லினக்ஸை நாடுகிறவர்களுக்கு இன்று அதிகச் சிரமமில்லை. பெரிய பெரிய கம்பெனிகளே அதற்கு வேண்டியதை எழுதித் தருகின்றன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது அதைக் காட்டிலும் அபூர்வமானதொரு பிராணியைப் பற்றி. அதன் பெயர் ஓப்பன்பிஎஸ்டி. பேத்தை மீன் அதன் சின்னம். கடலில் யாராவது தொட்டால் உடம்பை உப்பி முள்ளை நீட்டிக்கொள்ளும் அந்த மீனைச் சின்னமாகக் கொண்டவர்கள் லேசுப்பட்ட பேர்வழிகளாக இருக்க மாட்டார்கள் என்று நேயர்கள் ஊகித்தால், ஊகம் தவறல்ல.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து கனடா தேசத்தின் கால்கரி நகரில் வசிக்கும் தியோ டி ராட் என்பவர் 1995 அக்டோபரில் இதைத் தொடங்கினார். கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கல்லூரியில் வளர்ந்த யூனிக்ஸ் பரம்பரையில் வந்த நெட்பிஎஸ்டி என்னும் திட்டத்தில் அவர் முக்கியஸ்தராக இருந்தவர். அங்கே மனஸ்தாபம் ஏற்பட்டு வெளியேற்றப்பட்டதும், தனிக்குடித்தனம் ஆரம்பித்தார். நம் ஊர்களில் தனிக்குடித்தனம் போகிறவர்கள் அநேகர் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுகிறார்கள். இவர் திரும்பவில்லை. சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு புதிய பதிப்பு இன்றளவும் வெளிவந்துகொண்டிருக்கிறது. 1999-ல் இந்தக் கோஷ்டியார் எழுதிய ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் கருவியைத்தான் உலகமெங்கும் உள்ள ஸர்வர்களில் தூரத்திலிருந்து பத்திரமாக நுழைவதற்கு இன்று உபயோகிக்கிறார்கள். மைக்ரோஸாப்ட் கம்பெனியாரே 2018-ல் அதை விண்டோஸில் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் வேறு சிபார்சு வேண்டியதில்லை.

பாதுகாப்பு ஒன்றையே குலதெய்வமாகக் கொண்ட இந்த இயங்குதளத்தை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் எந்தப் பெட்டியை வாங்குவது? இதுதான் கேள்வி.

இயங்குதளம் என்பது பெரிய பண்ணையின் காரியஸ்தரைப் போன்றது. எஜமானராகிய நாம் "இதை அச்சடி" என்போம். "அந்தப் பாட்டைப் போடு" என்போம். காரியஸ்தர் தலையை ஆட்டிவிட்டு வேலையாட்களை ஏவுகிறார். திரை, ஒலிப்பெட்டி, டிஸ்க், வைஃபை சில்லு எல்லாம் அவருடைய வேலையாட்கள். ஆனால் இந்தப் பண்ணையில் ஒரு விசித்திரம்: ஒவ்வொரு வேலையாளும் ஒவ்வொரு பாஷை பேசுகிறான். ஆகவே ஆளுக்கொரு துபாஷி தேவைப்படுகிறார். புதுச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரல்லவா, அந்த மாதிரி. கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்தத் துபாஷிக்கு டிரைவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோட்டார் ஓட்டுகிறவருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

துபாஷி வேலைக்கு ஆள் தயார் செய்ய வேண்டுமானால் அந்தப் பாஷையின் இலக்கணமும் அகராதியும் கிடைக்க வேண்டும். சில்லைச் செய்த கம்பெனி, "இந்த இடத்தில் இந்த எண்ணை எழுதினால் இன்னது நடக்கும்" என்று விவரிக்கும் கைப்புத்தகத்தைக் கொடுத்தால் போதும். மீதியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவு அற்ப விஷயத்துக்கா தகராறு என்று தோன்றும். இதற்குத்தான் நாற்பது வருஷங்களுக்கு மேலாக உலகத்தில் தகராறு நடந்து வருகிறது.

1980-ஆம் வருஷத்தை ஒட்டி அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியார் ஒரு லேஸர் அச்சு யந்திரத்தை நன்கொடையாகக் கொடுத்தார்கள். (பிரதி எடுப்பதற்கே ஜெராக்ஸ் என்று நம்மவர்கள் பெயர் வைத்துவிட்டார்களே, அதே கம்பெனிதான்.) அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய யந்திரம் ஒன்றில், காகிதம் சிக்கியதும் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி செய்து வைத்திருந்தார். புதியதிலும் அப்படியே செய்யலாமென்று அதன் மூல நிரலைத் தேடினார். கம்பெனி கொடுக்கவில்லை. வேறொரு சர்வகலாசாலையில் அந்த நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரிலேயே போய்க் கேட்டார். "யாருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு ஏற்பட்ட கோபம் தணியவில்லை. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்துக்கும், அதிலிருந்து கிளைத்த சுதந்திர மென்பொருள் இயக்கத்துக்கும், காகிதம் சிக்கிய ஓர் அச்சு யந்திரமே வித்துக்களில் ஒன்றாக இருந்தது.

கால்கரிக்காரர்களின் கொள்கை இதைவிடவும் கண்டிப்பானது. ரகசியப் பிரமாணம் எடுத்துக்கொண்டால்தான் கைப்புத்தகம் தருவோம் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். "கைப்புத்தகம் எதற்கு? நாங்களே துபாஷியைத் தயார் செய்து மூடு பல்லக்கில் அனுப்புகிறோம், திரையை மட்டும் விலக்காதீர்கள்" என்று சில கம்பெனிகள் சொல்வதுண்டு. இப்படி உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்க முடியாத டிரைவருக்கு 'ப்ளாப்' என்று பரிகாசப் பெயர். அதையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. துபாஷி என்பவர் காரியஸ்தருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வீட்டுச் சாவிகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர். முகம் தெரியாத ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு, வாசலுக்கு இரும்புக் கதவு போட்டு என்ன பிரயோஜனம்?

வெறும் பேச்சோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்து, ஒன்று பழுதானாலும் மற்றவை காப்பாற்றும்படி செய்யும் ரெய்டு என்ற ஏற்பாடு உண்டு. அடாப்டெக் என்ற கம்பெனியின் ரெய்டு கார்டுகளுக்கு ஓப்பன்பிஎஸ்டியில் டிரைவர் இருந்தது. ஆனால் எந்த டிஸ்க் செத்தது, அதை மாற்றி எப்படிச் சீராக்குவது என்பதற்கான விவரங்களைக் கம்பெனி தரவில்லை. 2005 மே மாதம் வெளியான 3.7-ஆம் பதிப்பில் அந்த டிரைவரை வழக்கமான கெர்னலிலிருந்து அகற்றிவிட்டார்கள்! அந்தக் கார்டை வைத்திருந்தவர்களுக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: டிஸ்க் இறந்த செய்தியையே சொல்லத் தெரியாத காவற்காரனை நம்பி ஒருவன் தன் வாழ்நாள் உழைப்பை வைத்திருப்பதைவிட, "இவனை நம்பாதே" என்று முன்கூட்டியே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது மேலல்லவா?

அதே காலத்தில் வைஃபை சில்லுகளுக்காகவும் ஒரு போராட்டம் நடந்தது. தைவான் தேசத்து ரேலிங்க், ரியல்டெக் போன்ற கம்பெனிகள் விவரங்களை மனமுவந்து கொடுத்தன. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள்தாம் பிகு செய்துகொண்டன. கைப்புத்தகத்தை மூடி வைப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் பல. போட்டிக் கம்பெனி பார்த்துவிடும். காப்புரிமை வழக்கு வரும். ரேடியோ சட்டம் இடம் கொடுக்காது. இவற்றில் எதுவும் முழுப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் உண்மையான காரணம், கேட்கிறவர்களின் தொகை சொற்பம் என்பதே. ஆயிரத்தில் ஒருவனுக்காக யார் மெனக்கெடுவார்கள்? இந்தப் போராட்டங்களையெல்லாம் நடத்திய தியோ டி ராட்டுக்கு ஸ்டால்மனின் ஸ்தாபனம் தன் 2004-ஆம் வருஷத்துப் பரிசை அளித்தது. இருவருக்கும் கொள்கையில் எத்தனையோ வேற்றுமை. எழுத்தில் சண்டை போட்டுக்கொள்ளவும் இருவரும் தயங்கினவர்களல்லர். இருந்தும் பரிசு கொடுத்தது கொடுத்ததுதான்.

இனி, நமது நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வக்கீல். கட்சிக்காரர்களின் ரகசியங்கள் தம் யந்திரத்தில் இருக்கின்றனவே என்ற கவலையால் ஓப்பன்பிஎஸ்டிக்கு மாறத் தீர்மானித்தார். பெண்ணின் கல்லூரிச் செலவு போக மிஞ்சியதைச் சேர்த்து வைத்து, காகிதம்போல் மெல்லியதான ஒரு புத்தம் புதிய லாப்டாப்பை வாங்கினார். நிறுவினார். திரை வந்தது, எழுத்து வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த வைஃபை சில்லுக்கு டிரைவர் கிடையாது. போகட்டும், அந்தக் கார்டைக் கழற்றி வேறு கார்டு போடலாமென்று அடி மூடியைத் திறந்தால், சில்லைப் பலகையோடு பற்றவைத்திருந்தார்கள்! கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஸீல் உடைத்த பிறகு நாங்கள் திரும்ப எடுக்கிறதில்லை, ஸார்."

"யந்திரத்தில் கோளாறு இருந்தால்?"

"கோளாறு எங்கே ஸார் இருக்கிறது? விண்டோஸ் போட்டுப் பாருங்கள். ஜம்மென்று வேலை செய்யும்."

வழக்கு மன்றத்தில் எத்தனையோ பேரை மடக்கிய வக்கீலுக்கு இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் சொன்னது வாஸ்தவந்தானே? வாசலில் ஒரு யூ.எஸ்.பி. வைஃபை குச்சியைச் செருகிக்கொண்டு, காகிதம்போல் மெல்லிய அந்த யந்திரத்துக்குக் கொம்பு முளைத்ததுபோல் ஆறு மாதம் காலம் தள்ளினார். பிறகு அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு, ரிச்சித் தெருவில் நாலு வருஷத்துப் பழைய திங்க்பேட் ஒன்றை, முதலில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினார். அதைத்தான் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏன் திங்க்பேட்? அதற்கென்று மாய சக்தி ஒன்றுமில்லை. 1992-ல் ஐ.பி.எம். கம்பெனியார் தொடங்கி, 2005-ல் சீனாவின் லெனோவோ கம்பெனிக்குக் கைமாறிய இந்த வரிசையை ஓப்பன்பிஎஸ்டி எழுதுகிறவர்களில் அநேகர் தாங்களே வைத்திருக்கிறார்கள். நேற்று எழுதிய டிரைவர் இன்று அவர்களுடைய மடியிலேயே பரீட்சை செய்யப்படுகிறது. சமையற்காரர் தாமும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டலில் சாப்பாடு எப்படி இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டுமா? அபூர்வமான எந்த இயங்குதளத்துக்கும் இது பொருந்தும். அதை எழுதுகிறவர்கள் எந்த யந்திரத்தை வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து அதையே வாங்குவது பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

ஆனாலும் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. ஒரே பெயருள்ள லாப்டாப்பில் ஒரு மாதம் இன்டெல் வைஃபை கார்டு இருக்கும். அடுத்த மாதம் சரக்கு எது மலிவாகக் கிடைத்ததோ அது இருக்கும். வெளியே விற்கும் யூ.எஸ்.பி. குச்சிகளிலோ இது இன்னும் சகஜம். டி.பி.லிங்க் கம்பெனியின் டபிள்யூஎன்722என் என்னும் குச்சியின் முதல் பதிப்பில் அதெரோஸ் சில்லு இருந்தது. பிந்திய பதிப்புகளில் ரியல்டெக் சில்லு வந்துவிட்டது. பெயர் அதுவேதான். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள பதிப்பு எண் ஒன்றே வித்தியாசம். இரண்டு சில்லுக்கும் வெவ்வேறு பாஷை, வெவ்வேறு துபாஷி.

ஆகவே பெயரைக் கேட்காமல் கோத்திரத்தைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சில்லிலும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் எண் கம்பெனியின் கோத்திரம். இரண்டாவது அந்தச் சில்லின் சொந்தப் பெயர். இன்டெல் கம்பெனியின் கோத்திரம் 8086. 1978-ல் தாங்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பிராஸஸரின் எண்ணையே அவர்கள் குலப்பெயராக்கிக்கொண்டார்கள். ஏ.எம்.டி.யின் சித்திரச் சில்லுகளுக்கு 1002. கடையில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவைஸ் மானேஜர் என்ற பகுதியைத் திறந்து, வேண்டிய சாதனத்தின் விவரங்களில் ஹார்ட்வேர் ஐடி என்பதைப் பார்த்தால் இந்த எண்கள் இரண்டும் அகப்படும். குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஓப்பன்பிஎஸ்டியின் கைப்புத்தகத்தில் நாலாம் பிரிவைப் புரட்டினால், எந்த டிரைவர் எந்தெந்தச் சில்லுக்கு உதவும் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கைப்புத்தகத்தை இவ்வளவு சிரத்தையோடு எழுதுகிற இயங்குதளத்தை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

பொதுவாகச் சொன்னால், வைஃபைக்கு இன்டெல் கார்டு உள்ளதாகப் பார்ப்பது உத்தமம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில வேலையாட்கள் காலையில் கண் விழிப்பதற்கே ஒரு மந்திரம் தேவைப்படும். அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அது சில்லுக்குள்ளேயே ஓடுகிறது; காரியஸ்தரின் அறைக்குள் வருவதில்லை. ஆதலால் கால்கரிக்காரர்களுக்கு அதில் அவ்வளவு ஆட்சேபம் இல்லை. ஆனால் பல கம்பெனிகளின் மந்திரத்தை நிபந்தனையின்றி வெளியிட உரிமை கிடையாதாகையால், அதைத் தனியாக இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். வைஃபை எழுந்தால்தான் இணையம் வரும். இணையம் வந்தால்தான் வைஃபை எழும்! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். கம்பித் தொடர்புக்கான துவாரம் உள்ள யந்திரமாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இல்லாவிட்டால், ஆண்ட்ராய்டு கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் வழியாக இறக்கிக்கொள்ளலாம். நமது வக்கீல் நண்பர் அப்படித்தான் செய்தார்.

கார்டைக் கழற்றி மாட்டக்கூடிய யந்திரங்களிலும் ஓர் எச்சரிக்கை. பழைய திங்க்பேட்களில் சிலவற்றில், கம்பெனி அங்கீகரிக்காத கார்டைச் செருகினால் 1802 என்ற எண்ணைத் திரையில் காட்டிவிட்டு யந்திரம் சத்தியாக்கிரகம் செய்யத் தொடங்கிவிடும். வாங்கும்போதே நல்ல கார்டு உள்ளேயிருப்பதாகப் பார்த்துக்கொண்டால் இந்த வம்பில்லை.

சித்திரச் சில்லு விஷயத்தில் என்விடியாவைத் தவிர்த்துவிட வேண்டும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அக்கம்பெனியின் புதிய சில்லுகளை முழு வேகத்தில் ஓட்டக்கூடிய டிரைவர் ஓப்பன்பிஎஸ்டியில் இல்லை. படம் ஏதோ தெரியும், ஓடாது, நடக்கும். இன்டெல் பிராஸஸரோடு கூடவே வரும் சித்திரச் சில்லோ, 2019-க்குப் பிறகு ஆதரவு பெற்ற ஏ.எம்.டி. சில்லுகளோ இருந்தால் போதும். இவற்றுக்கான டிரைவர்கள் லினக்ஸிலிருந்து எடுத்து ஒட்டப்படுபவை. அங்கே பழுத்து இங்கே வந்து சேரக் காலதாமதம் ஆகும். ஆகவே நேற்றுக் கடைக்கு வந்த பிராஸஸரை இன்று வாங்குவது அவசரம். இரண்டு மூன்று வருஷம் ஆறின யந்திரமே சிலாக்கியமானது, விலையும் குறையும்.

பிராஸஸரைப் பற்றி இன்னொரு வார்த்தை. எட்டு வேலையாட்கள் இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருக்கும். உண்மையில் நாலே பேர் இரட்டை வேஷம் போடுவார்கள். இப்படி வேஷம் போடும்போது ஒருவனுடைய ரகசியத்தை மற்றவன் ஒட்டுக்கேட்க வழி ஏற்படுகிறது என்று கண்டு, 2018 ஜூன் முதல் ஓப்பன்பிஎஸ்டியில் இதை ஆரம்பத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேண்டுகிறவர்கள் தாங்களே திறந்துகொள்ளலாம். ஆனால் வாங்கும்போது அசல் ஆட்களை மட்டும் எண்ணுவது நல்லது.

புளூடூத் அறவே கிடையாது. இருந்த நிரல் சரியில்லையென்று 2014-ல் தூக்கி எறிந்துவிட்டார்கள். புதிதாக யாரும் எழுதவில்லை. கம்பியில்லாத காதொலிப்பான் இல்லாமல் உயிர் தரிக்க மாட்டேன் என்பவர்கள் வேறு இயங்குதளம் பார்க்கலாம். கைரேகை பார்க்கும் சில்லையும் பெரும்பாலும் நம்ப முடியாது. விசைப்பலகை, பென் டிரைவ், காமிரா ஆகியவற்றில் பெரும்பாலானவை எல்லோருக்கும் பொதுவான விதிகளின்படி செய்யப்படுகின்றன; அவை பேசுவது பொதுப் பாஷை. அவற்றுக்குக் கவலை வேண்டாம். மைக்கில் பேசினால் பதிவாகவில்லையே, பழுதோ என்று பலர் திகைப்பதுண்டு. பழுதில்லை. சொந்தக்காரர் உத்தரவு கொடுத்தாலொழிய மைக் எதையும் கேட்கக் கூடாதென்று 2018 முதல் அதன் காதை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஓர் அமைப்பை மாற்றினால் திறந்துகொள்ளும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நமது வக்கீல் நண்பர் கால்கரி இருக்கும் திசையை நோக்கி ஒரு கும்பிடு போடுகிறார்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைத்துப் போன நேயர்களுக்குச் சுருக்கமான வழியும் ஒன்று இருக்கிறது. மாட்டை நடக்க விட்டுப் பார்ப்பதே அது. வேறொருவருடைய யந்திரத்தில் வைத்து, ஒரு பென் டிரைவுக்குள்ளேயே ஓப்பன்பிஎஸ்டியை முழுமையாக நிறுவிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கேட்கும்போது பென் டிரைவின் பெயரைச் சொல்ல வேண்டும். தவறி வேறொன்றைச் சொன்னால் அந்த வேறொருவர் பிறகு உங்களோடு பேச மாட்டார். நிறுவுவதற்கென்று கிடைக்கும் பிம்பத்தை மட்டும் வைத்துப் பரீட்சை செய்தால் போதாது. அதில் உள்ள சின்னக் கெர்னலுக்கு ஒலியும் தெரியாது, சித்திரச் சில்லும் தெரியாது. நல்ல யந்திரத்தையும் நொண்டியென்று சொல்லிவிடும். நிறுவிய பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழைய யந்திரங்கள் விற்கும் கடைக்குப் போங்கள். கடைக்காரரின் அநுமதி பெற்று, செக்யூர் பூட் என்பதை அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து யந்திரத்தைக் கிளப்புங்கள். உள்ளே உள்ள டிஸ்க்கே கண்ணில் படவில்லையென்றால் பதறவேண்டாம். பயாஸில் ரெய்டு என்றிருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் பெரும்பாலும் தோன்றிவிடும். அப்படி மாற்றினால் உள்ளே இருக்கும் விண்டோஸ் முரண்டு பிடிக்கும் என்பதால், பார்த்த பிறகு பழையபடி வைத்துவிட்டு வருவது மரியாதை.

யந்திரம் கிளம்பியதும் 'டிமெஸ்க்' என்று தட்டினால், கெர்னல் தான் கண்ட ஒவ்வொரு சாதனத்தையும் வரி வரியாகச் சொல்லும். துபாஷி கிடைத்த சாதனத்துக்கு நேரே டிரைவரின் பெயர் இருக்கும். கிடைக்காததற்கு நேரே பெரும்பாலும் 'நாட் கான்ஃபிகர்ட்' என்று இருக்கும். இந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் தேடுங்கள். அவை நமக்கு வேண்டாத சாதனத்துக்கு நேரே இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். வைஃபைக்கு நேரே இருந்தால் அடுத்த யந்திரத்தைப் பார்க்கலாம். பிறகு மூடியை மூடித் தூங்க வைத்து, மறுபடி திறந்து எழுப்பிப் பாருங்கள். எழுந்திருக்காத யந்திரங்கள் உண்டு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால், "ஐந்து நிமிஷம், அண்ணாச்சி" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.

கால்கரியில் இந்த யந்திரங்களுக்கு நடக்கும் உபசாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். உலகம் குப்பையில் போட்டுவிட்ட பழைய ரகங்கள் உட்பட, பலவகை யந்திரங்களை அவர்கள் ஓட விட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். வெவ்வேறு ரகத்தில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றில் மறைந்திருக்கும் பிழை மற்றொன்றில் வெளிப்படும் என்பது அவர்களுடைய அநுபவம். இதனால் மின்சாரச் செலவு ஏறி, 2014 ஜனவரியில் 20,000 டாலர் கட்டணம் கட்ட வழியில்லாமல் உலகத்தாரிடம் கையேந்தவேண்டி வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச்சை இலவசமாக வைத்துக்கொண்டு கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் அத்தனை இருந்தும் இந்த நிலைமை! பணம் சேர்ந்தது, விளக்கு அணையவில்லை.

ஓப்பன்பிஎஸ்டியைப் புதிதாக நிறுவியவுடன் யந்திரத்துக்குள்ளேயே ஒரு கடிதம் காத்திருக்கும். தியோ டி ராட் எழுதிய வரவேற்புக் கடிதம் அது. உங்கள் யந்திரத்தின் டிமெஸ்க்கை எங்களுக்கு அனுப்பிவையுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறார். எந்த ஊரில், எந்தப் பெட்டியில், எந்தச் சில்லு இருக்கிறது என்பது அவர்களுக்கு இப்படித்தான் தெரிகிறது. அடுத்த டிரைவரை எதற்கு எழுதுவது என்றும் தெரிகிறது. வக்கீல் நண்பர் தமது திங்க்பேட்டின் டிமெஸ்க்கை அனுப்பிவிட்டார். விற்றுவிட்ட அந்த மெல்லிய யந்திரத்தின் டிமெஸ்க்கையும், 'நாட் கான்ஃபிகர்ட்' வரி உட்பட, பத்திரமாக எடுத்து வைத்திருந்து கூடவே அனுப்பியிருக்கிறார்.